மற்போர் அரங்கும் மறைந்து நின்ற முதலாளியும்

தோற்றுவாய்

மக்கள் திரளாகக் கூடிக் கண்டு களிக்கும் கலைகளுள், திறனாய்வாளரின் பார்வைக்கு நெடுங்காலம் எட்டாது நின்றது தொழில்முறை மற்போர். அதனை விளையாட்டு எனக் கருதியோர், வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதால் அது பொய் விளையாட்டு என்று ஒதுக்கினர். நாடகம் எனக் கருதியிருக்க வேண்டியவர்களோ, வியர்வையும் கூச்சலும் நிறைந்த இடத்தில் கலைக்கு என்ன வேலை என்று திரும்பிப் பாராதிருந்தனர். இவ்விரு புறக்கணிப்புகளையும் ஒருங்கே உடைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோலாண்ட் பார்த். 1957-இல் வெளிவந்த அவருடைய ‘மிதலாஜி’ என்னும் நூலின் முதற்கட்டுரையே மற்போர் உலகைப் பற்றியதாகும்.

பார்த் கூறுவதன் சாரம் இது: மற்போர் விளையாட்டன்று, அது ஒரு காட்சி. அங்கே வருவோர் யார் வெல்வார் எனப் பந்தயம் கட்டுவதில்லை. போட்டி உண்மையா பொய்யா என்று ஆராய்வதுமில்லை. துன்பம், தோல்வி, நீதி ஆகியவை ஐயத்துக்கு இடமின்றிக் கண்முன் விரிவதைக் காணவே வருகின்றனர். மற்போர் வீரரின் ஒவ்வோர் அசைவும் கிரேக்க நாடகத்தின் முகமூடியைப் போல மிகைப்படுத்தப்பட்டது. அம்மிகையே அதன் மொழி. கயவன் விதிகளை மீறுகிறான். அதற்கான விலையை அவன் செலுத்தியாக வேண்டும் என்று மக்கள் விரும்புகின்றனர். விலை செலுத்தப்படும்போது உள்ளம் நிறைகின்றனர்.

தமிழ் வாசகருக்கு இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றாது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளும், உள்ளத்து உணர்வு உடலின் வழியே பிறர்க்குப் புலனாகும் என்னும் அடிப்படையில் எழுந்தவையே. வீழ்ந்து கிடப்பவனின் இளிவரலும், அவனைக் காண்போரின் வெகுளியும், முடிவில் பிறக்கும் உவகையும் ஓர் இரவுக்குள் அடுத்தடுத்து அரங்கேறும் இடம் மற்போர் மேடையைப் போல் பிறிதொன்று இருப்பது அரிது.

ஆயினும் பார்த்தின் கட்டுரையில் ஒருவர் காணப்படவில்லை. மேடையில் நிற்கும் வீரர் இருக்கிறார். சுற்றி அமர்ந்து ஆர்ப்பரிக்கும் மக்கள் இருக்கின்றனர். நுழைவுச்சீட்டு விற்று, யார் எப்போது வீழ வேண்டும் என்று முடிவு செய்து, வசூலை எண்ணுகின்ற ஏற்பாட்டாளர் மட்டும் இல்லை. இக்கலையின் உண்மையான ஆசிரியர் அவரே. பணம் வசூலாகும் வழி மாறிய போதெல்லாம் மேடையில் சொல்லப்பட்ட கதையும் மாறியது என்பதனை அமெரிக்க மற்போர் வணிகத்தின் நூறாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அந்த வரலாற்றை நீக்கிவிட்டு இக்கலையை மதிப்பிடுவது, பாட்டுடைத் தலைவனை அறியாமல் பரணியைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

உண்மைப் போட்டியின் சலிப்பு

அமெரிக்காவில் மற்போர், ஊர் ஊராகச் சுற்றிய கேளிக்கைக் கூடாரங்களில் வளர்ந்த கலை. கூடாரத்து மல்லனோடு குறிப்பிட்ட நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும் உள்ளூர் இளைஞனுக்குப் பரிசு உண்டு. அவனை நம்பிப் பந்தயம் கட்டும் ஊராரின் பணமே கூடாரத்தின் வருவாய். அக்கூட்டத்தார் தம்முள் ஒரு குழூஉக்குறியை வழங்கினர். உள்ளே நடப்பது வெளியார்க்குத் தெரியக்கூடாது என்னும் கட்டுப்பாட்டிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கேஃபேப்’. பின்னாளில் தொழில் எவ்வளவோ வளர்ந்தும் இச்சொல் மறையவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்போர் பெரும் விளையாட்டாக மதிக்கப்பட்டது. 1908-இல் சிகாகோவில் பிராங்க் காட்ச், ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டை வென்றதும், 1911-இல் அதே நகரில் மீண்டும் வென்றதும் நாடெங்கும் பேசப்பட்டன. ஆனால் வல்லவர் இருவர் மெய்யாகவே மோதும்போது அது காண்போர்க்கு விருந்தாக அமைவதில்லை. 1916 ஜூலை 4 அன்று ஒமாகா நகரில் ஜோ ஸ்டெக்கரும் எட் ‘ஸ்டிராங்லர்’ லூயிசும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கிடந்தனர். முடிவில் வெற்றி தோல்வியின்றிப் போட்டி முடிந்தது. பகலில் வந்து அமர்ந்த மக்கள் இருட்டும் வரை காத்திருந்தும் கண்டது ஒன்றுமில்லை.

இச்சலிப்புக்கு மருந்து கண்டவர்கள் 1920-களில் கைகோத்த மூவர்: லூயிஸ் என்னும் வீரர், பில்லி சாண்டோ என்னும் மேலாளர், ‘டூட்ஸ்’ மாண்ட் என்னும் உத்தியாளர். போட்டிக்குக் கால எல்லை வகுத்தனர். தூக்கி எறிதல், பாய்ந்து மோதுதல் போன்ற கண்கவர் அசைவுகளைப் புகுத்தினர். தனித்தனியே அலைந்த வீரர்களை ஒப்பந்தத்தின் கீழ்க் கொணர்ந்து, நாடகக் குழுவைப் போல ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். ஒவ்வோர் ஊரிலும் முடிவு அடுத்த ஊரின் வசூலைக் கருதியே எழுதப்பட்டது. ஓர் இரவுப் போட்டியாக இருந்தது, இவர்கள் கையில் தொடர்கதையாக மாறியது. இதுவே மற்போர் வணிகத்தின் தலையாய கண்டுபிடிப்பு எனலாம்.

தொடர்கதையில் பட்டம் ஒரு மாந்தராகவே இயங்கியது. யாரிடம் பட்டம் இருக்கிறதோ அவரைக் காணவே கூட்டம் வரும். ஆகவே பட்டம் வீரரின் பெருமையாக அன்றி, ஏற்பாட்டாளரின் சொத்தாக ஆயிற்று. 1925 ஜனவரியில் மூவர் குழு, கால்பந்து ஆட்டக்காரராக இருந்த வேய்ன் மன் என்பவரிடம் லூயிஸ் தோற்கும்படி ஏற்பாடு செய்தது. மன் ஆள் பெரியவர், கவர்ச்சி மிக்கவர். ஆனால் மற்போர் அறியாதவர். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று பிலடெல்பியாவில் அவருக்குத் தோற்றுக் கொடுக்க வேண்டிய ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, ஒப்பந்தத்தை மீறி உண்மையாகவே மோதி மன்னை வீழ்த்திப் பட்டத்தைக் கைக்கொண்டார். மே 30 அன்று செயின்ட் லூயிசில் அதனைப் போட்டிக் குழுவைச் சேர்ந்த ஸ்டெக்கரிடம் சேர்ப்பித்தார்.

நாடக மேடையில் இராவணனாக நடிப்பவர் எவ்வளவு வல்லவராயினும் இராமனை வென்றுவிட முடியாது. மற்போர் மேடையில் அது முடியும். நடிப்பவரின் உடலில் மெய்யான ஆற்றல் இருப்பதால், எழுதப்பட்ட முடிவை அவர் எந்தக் கணத்திலும் மாற்றிவிடலாம். ஏற்பாட்டாளரின் அச்சம் அனைத்தும் இங்கேதான் வேர்கொண்டது. அதன் பின் ஏற்பட்ட ஒப்பந்தங்கள், கூட்டணிகள், விலக்கி வைத்தல்கள் யாவும் இந்த ஒரு சுதந்திரத்தை வீரரிடமிருந்து பறிப்பதற்காகவே எழுந்தன என்று கூறின் மிகையாகாது.

எல்லைகளும் தள்ளிவைக்கப்பட்ட நீதியும்

1948 ஜூலையில் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் ஏற்பாட்டாளர் சிலர் கூடித் தேசிய மற்போர்க் கூட்டணியை அமைத்தனர். நாடு எல்லைகளாகப் பங்கிடப்பட்டது. ஒருவர் எல்லையில் மற்றவர் நுழைவதில்லை. அனைவர்க்கும் பொதுவாக ஒரே உலக வெற்றிவீரர். அவர் ஊர் ஊராக வந்து போவார். ஒருவரிடம் முரண்பட்ட வீரருக்கு மற்றவர் வேலை தருவதில்லை. இக்கூட்டணியின் தலைவராக நீண்டகாலம் விளங்கியவர் செயின்ட் லூயிசின் சாம் மச்னிக். பட்டத்தைத் தாங்கியவர் லூ தெஸ். அவர் மெய்யாகவே வல்லவர் என்பது தற்செயலன்று. 1925-இல் நிகழ்ந்த துரோகம் மீண்டும் நிகழாதிருக்க வேண்டுமானால், எவர் முறைகேடாக மோதினாலும் தற்காத்துக்கொள்ளும் ஆற்றல் பட்டம் தாங்குபவரிடம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாட்டாளர்தம் கணக்கு.

இவ்வமைப்பு எத்தகைய கதையைப் பிறப்பித்தது என்பதே திறனாய்வுக்குரிய வினா. உலக வெற்றிவீரர் ஓர் ஊருக்கு வருகிறார். உள்ளூர் வீரரே மக்களின் செல்வர். அவர் வென்றால் பட்டம் அந்த ஊரில் தங்கிவிடும். மற்ற எல்லைகளின் வசூல் கெடும். அவர் எளிதில் தோற்றால் உள்ளூரில் அவர் மதிப்பு வீழும். அடுத்த வார வசூல் கெடும். ஆகவே அவர் வெற்றியின் விளிம்பு வரை சென்று, மணி அடித்ததாலோ, நடுவர் பாராததாலோ, கயவனின் சூழ்ச்சியாலோ நூலிழையில் தவறவிட வேண்டும். 60 நிமிடங்கள் போராடிச் சமநிலையில் முடிவது இதனால்தான் மற்போரின் உன்னத வடிவமாகப் போற்றப்பட்டது. ‘கிட்டியும் எட்டாத வெற்றி’ என்னும் துன்பியல் அமைப்பு எந்தக் கவிஞனின் உள்ளத்திலும் உதித்ததன்று. பட்டம் பயணம் செய்தாக வேண்டும் என்னும் வணிக நெருக்கடியில் பிறந்தது.

இதே காலத்தில் தொலைக்காட்சி பரவியது. ஒரே மேடை, இரண்டே மாந்தர், குறைந்த செலவு என்னும் காரணங்களால் புதிய நிலையங்கள் மற்போரை விரும்பி ஏற்றன. பொன்னிறக் கூந்தலும், விலையுயர்ந்த மேலங்கியும், மேடையில் நறுமண நீர் தெளிக்கும் பணியாளுமாக வந்த ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’, மக்கள் வெறுத்துப் பார்த்த முதல் தொலைக்காட்சி நட்சத்திரங்களுள் ஒருவரானார். ஆனால் எல்லை ஏற்பாட்டாளருக்குத் தொலைக்காட்சி வருவாயாக அமையாமல் விளம்பரமாகவே அமைந்தது. வீட்டுத் திரையில் பெயரற்ற வீரர்களைக் கயவன் வீழ்த்திக் காட்டுவான். நாயகனை இகழ்ந்து பேசுவான். இருவரும் மோதும் நாளோ நுழைவுச்சீட்டு வாங்கியோருக்கு மட்டுமே.

பார்த்தின் கருத்து இவ்விடத்தில் திருத்தம் வேண்டி நிற்கிறது. மற்போர் மேடையில் நீதி வழங்கப்படுகிறது என்றார் அவர். ஏற்பாட்டாளரின் கணக்கேடோ, நீதி தள்ளிவைக்கப்படுகிறது என்று கூறுகிறது. நம் மரபின் பாரதக் கூத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். திரௌபதி அம்மன் விழாவில் எத்தனை இரவுகள் கூத்து நடந்தாலும் படுகளத்தின் நாள் முன்னரே குறிக்கப்பட்டது. அன்று துரியோதனன் வீழ்ந்தாக வேண்டும், பாஞ்சாலி கூந்தல் முடித்தாக வேண்டும், அதன்பின் தீமிதி. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் தீமிதியும் பாரதக் கதையின் நிகழ்வுகளை ஒட்டியே வருகிறது. விழாவை நடத்துவோர் வசூல் நன்றாயிருக்கிறது என்று துரியோதனனை அடுத்த மாதம் வரை வாழவிட இயலாது. மற்போரில் படுகள நாளைக் குறிக்கும் அதிகாரம் ஏற்பாட்டாளர் ஒருவரிடமே உள்ளது. வீழ்ந்த கயவன் மறுவாரமே எழுந்து வருவான், அல்லது புதியவன் ஒருவன் அவன் இடத்தில் நிற்பான். மக்கள் நுழைவுச்சீட்டு வாங்குவது நீதிக்காக. ஏற்பாட்டாளர் விற்பது நீதி வரும் என்னும் நம்பிக்கையை.

இக்கூட்டணியின் முறைகளை அமெரிக்க அரசின் நீதித்துறை விசாரித்தது. வணிகப் போட்டியைத் தடுக்கும் செயல்களைக் கைவிடுவதாக 1956 அக்டோபரில் கூட்டணி இணங்கி உடன்பாட்டு ஆணையை ஏற்றது. மேடையில் எழுதப்பட்ட முடிவுகளைப் பற்றி அவ்வழக்கிற்குக் கவலையில்லை; எல்லைப் பங்கீடும் விலக்கி வைத்தலுமே அதன் பொருள். காகிதத்தில் இணங்கினாலும், எல்லைகளை மதிக்கும் பழக்கம் மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது.

கடல் கடந்த வாய்பாடு

அயலவனை எதிர்த்து நிற்கும் உள்ளூர் நாயகன் என்னும் இந்த வாய்பாடு அமெரிக்க எல்லையோடு நின்றுவிடவில்லை. 1954 பிப்ரவரியில் ஜப்பானில் ரிக்கிடோசான், ஷார்ப் சகோதரர் என்னும் உருவிற் பெரிய வெள்ளையரை எதிர்த்து மோதிய காட்சி தொலைக்காட்சியில் வந்தது. வீட்டில் பெட்டி வாங்க வசதியற்ற காலம் அது. நிலையத்தார் தெருமுனைகளில் நிறுவிய பெட்டிகளின் முன் மக்கள் வெள்ளமாய்த் திரண்டனர். போரில் தோற்ற நாட்டின் பெருமிதத்தை மீட்டவராக அவர் கொண்டாடப்பட்டார். அவர் கொரியாவில் பிறந்தவர் என்னும் உண்மையோ, அவர் 1963-இல் கத்திக்குத்துக் காயத்தால் இறக்கும் வரை பொதுமக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. ஜப்பானியப் பெருமிதத்தின் உருவமாக விற்கப்பட்டவர் தம் பிறப்பைக் கூற இயலாதிருந்தார். இதனினும் கசப்பான முரண் இக்கலையின் வரலாற்றில் மிகுதியில்லை.

சிங்கப்பூரில் இக்கலைக்கு இடமளித்தவை நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு என்னும் மூன்று கேளிக்கைப் பூங்காக்கள். பங்சாவான் நாடகம், சீன இசைநாடகம், நடன அரங்கு ஆகியவற்றோடு குத்துச்சண்டையும் மற்போரும் அங்கு அருகருகே நடந்தன. பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தாரா சிங் மற்போர் பயின்றது கிரேட் வேர்ல்டு அரங்கில். ஹங்கேரியில் பிறந்து ‘கிங் காங்’ என்னும் பெயரில் உலவிய எமில் சாயாவோடு அவர் மோதிய போட்டிகள் ஆசியாவெங்கும் புகழ்பெற்றன. கிங் காங் 1970-இல் சிங்கப்பூரிலேயே காலமானார். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கண்ட காட்சி அது. மொழி வேண்டாத நாடகம் பல மொழியினர் வாழும் ஊரில் எத்துணை நல்ல சரக்கு என்பதை ஏற்பாட்டாளர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இரகசியத்தின் விலை

எல்லைகளை உடைத்தவர் அவ்வமைப்புக்குள்ளேயே பிறந்தவர். 1963-இல் தேசியக் கூட்டணியிலிருந்து பிரிந்து நியூயார்க் வட்டாரத்தில் தனி அமைப்பை நிறுவியவர்கள் வின்சென்ட் ஜேம்ஸ் மக்மாஹனும், முன்னர்க் கண்ட மாண்டும். மக்மாஹனின் மகன் வின்ஸ் 1982-இல் தந்தையின் நிறுவனத்தைத் தவணை முறையில் விலைக்கு வாங்கினார். தந்தை மதித்த எல்லைகளை மகன் மதிக்கவில்லை. கம்பிவடத் தொலைக்காட்சி நாடெங்கும் பரவிய காலம். பிற எல்லைகளில் ஒளிபரப்பு நேரத்தை வாங்கினார். அங்கிருந்த பெயர்பெற்ற வீரர்களை ஈர்த்தார். 1984 ஜனவரி 23 அன்று ஹல்க் ஹோகன் பட்டம் பெற்றார். 1985 மார்ச் 31 அன்று நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடந்த முதல் ‘ரெசில்மேனியா’வை, பல ஊர்களின் அரங்குகளுக்குக் கம்பி வழியே அனுப்பிய ஒளிபரப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

வசூலின் வழி மாறியதும் கதை மாறியது. எல்லைக் காலத்தில் வெற்றிவீரர் பெரும்பாலும் நாயகனை ஏய்த்துச் செல்லும் வழிப்போக்கர்; புதிய காலத்தில் நாயகனே வெற்றிவீரர். ஹோகன் நான்காண்டுகள் பட்டத்தை இழக்கவில்லை. பொம்மையும் சட்டையும் விற்கும் வணிகத்தில், தோற்கும் நாயகனுக்குச் சந்தை இல்லை. வீரர்கள் சிறைக்காவலராகவும், வரி வசூலிப்பவராகவும், பாம்பேந்தியவராகவும் வந்தனர். குழந்தை ஒரே நோக்கில் அடையாளம் கண்டு வாங்கத்தக்க உருவங்கள் அவை. பார்த் வியந்த அந்த மிகை, இப்போது கடையின் அலமாரிக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது.

1989-இல் நிகழ்ந்தது இவற்றினும் பெரிது. நியூ ஜெர்சி மாநிலத்தில் மற்போர், குத்துச்சண்டை போல அரசின் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. உரிமமும் ஒளிபரப்பு வரியும் போட்டிக்கு முந்திய மருத்துவச் சோதனையும் இருந்தன. அவற்றிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, மற்போர் உண்மைப் போட்டியன்று, காண்போரை மகிழ்விக்கும் கேளிக்கையே என்று நிறுவனத்தார் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டனர். எத்தனையோ வீரர்கள் பொது இடங்களில் பகைவரைப் போல நடித்துக் காத்த இரகசியம், அதற்காகக் கேலி செய்தவரோடு உண்மையாகவே கைகலந்து காத்த இரகசியம், வரிவிலக்குக்காக ஏற்பாட்டாளரால் கைவிடப்பட்டது. ‘கேஃபேப்’ என்பது கலையின் புனிதம் என்று வீரர் நம்பினர். முதலாளிக்கு அது ஒரு செலவினம். பயன் உள்ளவரை வைத்திருந்து, பயன் தீர்ந்ததும் கணக்கிலிருந்து நீக்கினார்.

பொய்யுரைக்காத உடல்

முடிவு பொய்யாயினும் வீழ்ச்சி பொய்யன்று. மரப்பலகையின் மீது முதுகு மோதும் ஓசை மெய். உடைந்த கழுத்தெலும்பு மெய். ஆண்டில் பெரும்பகுதி சாலையில் கழிந்த வாழ்க்கை மெய். எனினும் சட்டத்தின் கண்ணில் இவ்வீரர்கள் தொழிலாளரல்லர், தனித்தனி ஒப்பந்தக்காரர். எங்கே, எப்போது, யாரிடம், எவ்வாறு தோற்க வேண்டும் என்று ஒவ்வோர் அசைவையும் ஆணையிடும் நிறுவனமே, அவர்கள் தம் விருப்பப்படி தொழில் செய்வோர் என்று எழுதி வைத்திருக்கிறது. மேடைப் பெயரும் பல வேளைகளில் நிறுவனத்தின் உடைமை; வெளியேறும் வீரர் பல்லாண்டு உழைத்துப் புகழ் சேர்த்த பெயரை வாயிலிலேயே விட்டுச் செல்ல நேர்கிறது.

1986-இல் இரண்டாம் ரெசில்மேனியாவின் போது, வீரரும் வருணனையாளருமான ஜெசி வென்சுரா தொழிற்சங்கம் அமைக்க வேண்டும் என்று சக வீரரிடம் பேசினார். அம்முயற்சி கருவிலேயே கலைந்தது. பின்னர் ஒளிப்பேழைகளில் தம் வருணனையைப் பயன்படுத்தியமைக்கு உரிமைத்தொகை கேட்டு அவர் தொடுத்த வழக்கில், 1994-இல் நடுவர் குழு அவருக்கு 8 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் வழங்கியது. தனி ஒருவர் நீதிமன்றத்தில் பெற முடிந்ததை, கூட்டாக ஒப்பந்த மேசையில் பெறும் வழி அடைபட்டே இருந்தது. 1999 மே 23 அன்று கான்சஸ் நகரில் கூரையிலிருந்து கயிற்றின் வழியே இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட் தவறி வீழ்ந்து மாண்டார். காட்சி நிறுத்தப்படவில்லை. அவர் வீழ்ந்த அதே மேடையில் அடுத்த போட்டிகள் நடந்தேறின. குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2000-இல் 1 கோடியே 80 லட்சம் அமெரிக்க வெள்ளிக்குச் சமரசம் ஆயிற்று.

துன்பத்தின் காட்சியைப் பற்றிப் பார்த் நுட்பமாக எழுதினார். ஆனால் துன்பத்தின் குறியீடு முடிந்து துன்பமே தொடங்கும் எல்லைக்கோடு அவர் கட்டுரையில் வரையப்படவில்லை. அந்தக் கோட்டைக் காணாத திறனாய்வு, எத்துணை நயமுடையதாயினும், பார்வையாளரின் இருக்கையில் அமர்ந்து எழுதப்பட்டதாகவே நின்றுவிடுகிறது.

முதலாளி மேடையேறிய கதை

1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் நடந்தது 1925-இன் தலைகீழ் வடிவம். பட்டம் தாங்கிய பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனத்துக்குச் செல்லவிருந்தார். சொந்த நாட்டில் அன்று அவர் தோற்பதில்லை என்பது பேச்சு. எதிராளி ஷான் மைக்கேல்ஸ் அவரைப் பிடியில் வைத்திருந்தபோது, அவர் பணியாதிருக்கவே மணியடிக்குமாறு மேடையருகே நின்ற மக்மாஹன் ஆணையிட்டார். அன்று வீரர் முதலாளியை ஏய்த்தார். இன்று முதலாளி வீரரை ஏய்த்தார். மக்களின் வெறுப்பு முதன்முறையாக மறைந்து நின்றவர் மீது நேரே பாய்ந்தது.

பிறகு நிகழ்ந்ததே வணிக மேதைமை. தம்மீது பாய்ந்த வெறுப்பையும் அவர் சரக்காக்கினார். கொடுங்கோல் முதலாளி என்னும் மாந்தராகத் தாமே மேடையேறினார். அவரை எதிர்க்கும் தொழிலாளியாக ஸ்டீவ் ஆஸ்டின் வந்தார். 1998 முழுதும் முதலாளி உதை வாங்குவதைக் காண அரங்குகள் நிரம்பின. வேலையிடத்தில் வாய்மூடி நின்ற கோடிக்கணக்கானோர் தம் மனத்தின் ஆத்திரத்தை அங்கே தீர்த்துக்கொண்டனர். 1999 அக்டோபரில் நிறுவனத்தின் பங்குகள் ஒன்று 17 அமெரிக்க வெள்ளி என்று சந்தைக்கு வந்தன. மேடையில் முதலாளியை வீழ்த்தும் வீரருக்குப் பின்னரங்கில் சங்கம் இல்லை. தொழிலாளியின் கோபத்தையே தொழிலாளிக்கு விற்றுப் பெற்ற செல்வம் என்று இதனைக் கூறுவதில் பிழையில்லை.

2001 மார்ச்சில் போட்டி நிறுவனமும் விலைக்கு வாங்கப்பட்டது. பின்னர் வருவாயின் பெரும்பகுதி அரங்கு வாயிலிலிருந்து ஒளிபரப்பு உரிமைக்கு நகர்ந்தது. 2023 செப்டம்பரில், உண்மையாகவே மோதும் கலப்புச் சண்டையை நடத்தும் நிறுவனத்தோடு இந்நிறுவனம் ஒரே குடையின் கீழ் இணைக்கப்பட்டது. மெய்ச் சண்டையும் பொய்ச் சண்டையும் ஒரே பங்காகச் சந்தையில் விற்கப்படுகின்றன. 2024 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தோடு அறிவிக்கப்பட்ட 10 ஆண்டு உடன்பாட்டின் மதிப்பு 500 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேற்பட்டது. வாயிற் சீட்டை நம்பிய காலத்தில் மக்கள் முகம் சுளித்தால் அடுத்த வாரம் அரங்கு காலியாகும். ஏற்பாட்டாளர் கதையை மாற்றியாக வேண்டும். பத்தாண்டுப் பணம் முன்னரே உறுதியான பின், அரங்கில் அமர்ந்திருப்போரின் ஆர்ப்பரிப்பும் படப்பிடிப்பின் ஓர் அங்கமாகிறது. காசு கொடுத்து வந்து, ஊதியமின்றி நடிப்போராகின்றனர் பார்வையாளர்.

முடிவுரை

இவை கொண்டு மற்போர் இழிந்த கலை என முடிவு கட்டுவது பொருந்தாது. உடலால் மட்டுமே கதை சொல்லி, எழுத்தறியாதவர் முதல் பேரறிஞர் வரை அனைவரையும் ஒருங்கே எழுந்து நிற்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஆற்றலைத் தம் முதுகெலும்பால் உண்டாக்கியவர் வீரர். தம் வெகுளியாலும் உவகையாலும் உயிரூட்டியவர் மக்கள். இவ்விருவர்க்கும் இடையே நின்று கதையின் முடிவையும் வசூலின் முடிவையும் ஒருசேர எழுதியவர் ஏற்பாட்டாளர்.

பார்த்தின் கட்டுரை மற்போரைக் கலையாக மதிக்கக் கற்றுத் தந்தது. அதற்காக அது என்றும் படிக்கத்தக்கது. ஆயின் எந்த மக்கள் கலையையும் ஆராயப் புகுவோர், மேடையில் எழும் மெய்ப்பாட்டைக் காணும் அதே கண்ணால் வாயிலில் இருக்கும் காசுப் பெட்டியையும் காணல் வேண்டும். துரியோதனன் ஏன் இன்னும் வீழவில்லை என்னும் வினாவுக்கு விடை சில வேளைகளில் மேடையில் கிடைப்பதில்லை; கணக்கேட்டில்தான் கிடைக்கிறது. படுகளத்தின் நாளைக் குறிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்பதும் இலக்கியத் திறனாய்வின் கடமையே.